பேச்சிராக்

பேரையூர் தாலுகா, எண்பத்து நான்காம் எண் கிராமம்,
வெங்கச்சங்குளம்.
கூடுதல் பொறுப்பாக என்னிடம் வந்தபோது
கூடவே ஒரு பீரோ வந்தது, சாவி வரவில்லை.
தலையாரி சிவனாண்டி முழங்காலால் இடித்துத் திறந்தார்:
கரையான் தின்றது போக மீதி வரலாறு.

முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒற்றைச் சொல்.
பேச்சிராக்.
பேச்சியம்மனுக்கு மானியம் விட்ட ஊராக்கும் என்று நினைத்தேன்.
ரெக்கார்டு கிளார்க் பரிமளா டிபன்பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்:
பாரசீகம் அக்கா. சிராக் என்றால் விளக்கு, பே என்றால் இல்லை.
விளக்கெரியாத கிராமம். ஆளில்லாத கிராமம்.
அரசாங்கம் எப்போதாவது இப்படிக் கவிதை எழுதிவிடும்,
பிறகு திருத்தாது.

முதல் சர்வே வந்த வருடம் காலரா.
செத்தவர் போக மிச்சம் பேர் மலையடிவாரத்துக்கு ஓடியிருந்தார்கள்.
சங்கிலி பிடித்தவர்கள் அளந்தார்கள்,
கண்மாய் ஒன்று, கிணறு நான்கு, பனை நூற்றுப் பதினாறு,
மனிதர் இல்லை.
மறு ஆடியில் ஓடியவர்கள் திரும்பினார்கள்.
அளந்தவர்கள் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு ஊர் ஓரடி நகரவில்லை.
ஜமீனில் இருந்தது, சர்க்காருக்கு வந்தது.
திருமங்கலத்தில் இருந்தது, பேரையூருக்கு வந்தது.
யூனியன் சேடபட்டி.
ஓட்டுப் போட்டால் எம்.பி. தேனிக்குப் போகிறார்.
ஆடு களவு போனால் ஒரு ஸ்டேஷன்,
களவாண்டவன் ஓடையைத் தாண்டிவிட்டால் வேறு ஸ்டேஷன்.
எண்பதில் கர்ணம் வேலை ஒழிந்தபோது
சேஷகிரி ராவ் பதினோரு கட்டு ஒப்படைத்து
பன்னிரண்டுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.
அந்தப் பன்னிரண்டாவது எங்கே என்று
ஒவ்வொரு தணிக்கையிலும் கேட்கிறார்கள்.
நானும் எழுதினேன்: தேடப்பட்டு வருகிறது.

ரேஷன் கார்டு நூற்று நாற்பத்தேழு.
மின் இணைப்பு நூற்று முப்பது, கொக்கி போட்டவை தனி.
ஊராட்சித் தெருவிளக்கு பதினெட்டு, எரிபவை ஏழு.
ஆகவே அந்தச் சொல்லை முழுப் பொய் என்றும் தள்ள முடியவில்லை.

ஜமாபந்தியன்று பொம்மக்காள் மனுவோடு வந்தாள்.
மயானத்துக்குப் பாதை.
வாழைத்தோப்புக்காரன் வழி விடாமல்
அவள் புருஷனின் பாடை ஓடைத் தண்ணீரில்
மூன்று மணி நேரம் நின்றிருக்கிறது, தோள் மாற்றி, தோள் மாற்றி.
அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.
"ஆளே இல்லாத ஊர்ல யாரம்மா சாகுறது?"
பந்தலில் சிரித்தார்கள்.
நானும், உத்தியோகத்தில் இருப்பதால், கொஞ்சம்.
"தீர்வை கட்டுறப்ப இருந்தமே சாமி" என்றாள் பொம்மக்காள்.
மஞ்சள் பையிலிருந்து சணல் கட்டிய ரசீதுகள் வந்தன,
புருஷன் கட்டியது, மாமனார் கட்டியது, அவர் அப்பன் கட்டியது,
பசலி வாரியாக.
மழையே பெய்யாத பசலிக்கும் இருந்தது.

அவர் ஓரத்தில் எழுதினார்:
மனிதர் வசிக்கிறார்களா என வி.ஏ.ஓ. நேரில் விசாரித்து அறிக்கை தரவும்.

விசாரித்தேன், வைகாசி வெயிலில், வீடு வீடாக.
எல்லைக்கல்லில் ஒருவன் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான்.
கல் உள்ளதா? உள்ளது. ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது.
ஒரு பிள்ளை என் பேனாவைக் கேட்டு அழுதது.
பொம்மக்காள் தந்த மோரில் உப்பு அதிகம்.
எழுதத்தான் படிவத்தில் இடமில்லை.

படிவம் இப்போது கணினியில்.
கிராம வகை என்ற கட்டத்தை அழுத்தினால்
மூன்று சொற்கள் இறங்குகின்றன.
வேறொன்றைத் தொட்டால் அனுமதி இல்லை என்கிறது.

பாதை மனு நிலுவையில் இருக்கிறது.
முந்தாநாள் சிவனாண்டியின் மச்சினன் போய்விட்டான், டிராக்டர் கவிழ்ந்து.
ஓடையில் தண்ணீர் இல்லை, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
இறப்புப் பதிவேட்டில் இடம் என்ற பத்தியில்
வெங்கச்சங்குளம் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.